கேட்பாரற்றுப் பிறந்தவை

மனித உடலின் மர்மங்களை அறிவதற்காக நாயை மேசைமேல் கட்டி அறுத்துப் பார்க்கும் வழக்கம் ஐரோப்பாவிலே மிகப் பழமையானது. ஆனால் அந்த மேசைக்கு அனுப்புவதற்கென்றே நாயைச் சினைப்படுத்தி, ஈன்ற குட்டிகளை எடை போட்டு, காதில் எண் குத்தி, வயதுக்கும் எடைக்கும் தக்கபடி விலை வகுத்து விற்கும் வர்த்தகம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னர் ஒரு தனித் தொழிலாக வேரூன்றியிருக்கவில்லை. இத்தொழில் எவ்வாறு தோன்றியது என்று ஆராயப் புகுவோருக்கு நெஞ்சை உறுத்தும் ஓர் உண்மை எதிர்ப்படுகிறது. நாய்களின்மேல் இரக்கங்கொண்ட பொதுமக்கள் எழுப்பிய கூக்குரலும், அக்கூக்குரலுக்குப் பரிகாரமாக இயற்றப்பட்ட சட்டங்களுமே இதற்குப் பாதை வெட்டிக் கொடுத்தன. வீட்டிலே வளரும் நாயைத் திருடிக்கொண்டு போய் அறுக்காதீர்கள் என்று மக்கள் முறையிட்டனர்; அப்படியாயின் வீடென்பதையே அறியாத நாய்களை உண்டாக்கிக்கொள்கிறோம் என்று ஆய்வுக்கூடங்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. அந்த வழியின் வரலாற்றையும், அதை எதிர்த்து நின்றவர்களின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முந்திய காலத்தில் ஆய்வுக்கூடங்களுக்கு நாய்கள் வந்து சேர்ந்தது தெருவழியாகத்தான். ஜீரண உறுப்புகளின் தொழிலை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லவின் பீட்டர்ஸ்பர்க் கூடத்துக்கு நாய் பிடிப்போரும் நாய் திருடுவோரும் சரக்குக் கொண்டுவந்து கொடுத்தனர். 1921ஆம் ஆண்டுக் கோடையில் டொராண்டோ சர்வகலாசாலையிலே பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில், கைவசமிருந்த நாய்கள் தீர்ந்துபோகவே, நகரத் தெருக்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நாய்களை எங்கிருந்து வந்தவை என்று வினவாமலே விலைக்கு வாங்கிக்கொண்டனர். நீரிழிவால் மடிந்திருக்க வேண்டிய கோடானுகோடிப் பேர் உயிர் வாழ்வதற்குக் காரணமான மருந்து அந்த நாய்களின் உடலிலேதான் முதன்முதலில் பலன் காட்டியது; அந்நன்மையை மறுப்பது நன்றி கொல்வதாகும். ஆயினும் அவை யாருடைய நாய்கள் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை என்பதும் அதே வரலாற்றின் ஒரு பகுதியே. லண்டனை அடுத்த மில் ஹில்லிலே 1920களில் நாய்களைத் தனியே அடைத்து வளர்த்துப் பெருக்கிய ஒரு முயற்சியும் உண்டு. ஆனால் அது நாய்களையே கொள்ளை கொண்டுபோன டிஸ்டெம்பர் நோய்க்குத் தடுப்பு மருந்து காண்பதற்காக நாய்ப் பிரியர்களே பணந் திரட்டி நடத்தியது. சந்தைச் சரக்காக நாயை உற்பத்தி செய்வது அன்று எவர் கருத்திலும் இல்லை.

எதிர்ப்பின் வரலாறோ, பெயர் தெரியாத ஒரு பழுப்பு நிற டெரியர் நாயிலிருந்து தொடங்குகிறது. 1902 டிசம்பரில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜிலே ஸ்டார்லிங் என்னும் பேராசிரியர் அந்நாயின் வயிற்றைத் திறந்து கணைய நாளத்தைக் கட்டினார். ஏறத்தாழ இரண்டு மாதம் கூண்டிலே கிடந்த அதனை 1903 பிப்ரவரி 2ஆந் தேதி மறுபடியும் திறந்து பார்த்தார். பிறகு அதே நாயை அவருடைய சகாவான பேலிஸ் மாணவர் கூட்டத்தின் முன்னே வைத்து, உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பற்றிய ஒரு விளக்கத்துக்குப் பயன்படுத்தினார். கூட்டத்திலே ஸ்வீடன் நாட்டிலிருந்து வந்த இரண்டு பெண்கள் இருந்தனர்: லிஸி லிண்ட் ஆஃப் ஹாகபி ஒருவர், லீசா ஷார்ட்டாவ் மற்றொருவர். பரிசோதனையை எதிர்ப்பதற்காகவே அதைக் கற்க வந்த அவ்விருவரும் தாம் கண்டவற்றை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டனர். நாய் முறையாக மயக்கப்படவில்லை, மேசைமேல் துடித்தது என்பது அவர்கள் சாட்சியம். ஒரு பரிசோதனையிலிருந்து எழுந்த பிராணியை மற்றொரு பரிசோதனைக்கு உட்படுத்தலாகாது என்று 1876ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. எதிர்ப்புச் சங்கத்தின் கௌரவச் செயலாளர் ஸ்டீபன் கோல்ரிட்ஜ் இதையெல்லாம் 1903 மே மாதத்தில் ஒரு பொதுக்கூட்டத்திலே பகிரங்கமாக எடுத்துரைக்க, பேலிஸ் மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தார். நாய் மயக்கத்தில்தான் இருந்தது என்ற ஆய்வாளர் சாட்சியத்தையே ஜூரிகள் ஏற்றனர். கோல்ரிட்ஜ் 2,000 பவுன் நஷ்டஈடும் 3,000 பவுன் செலவும் செலுத்த வேண்டியதாயிற்று.

தோற்றவர்கள் அத்தோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. தேம்ஸ் நதியின் தென்கரையிலே தொழிலாளர் நிறைந்த பாட்டர்சீ என்னும் பகுதியில், மனிதரும் குதிரையும் நாயும் நீர் அருந்தத்தக்க தொட்டிகளோடு கூடிய ஒரு கல்மேடை கட்டி, அதன்மேல் வெண்கலத்தால் அந்நாயின் உருவத்தை 1906 செப்டம்பர் 15ஆந் தேதி நிறுத்தினர். 1902 என்னும் ஓராண்டில் மட்டும் அதே இடத்தில் அறுபட்ட நாய்கள் 232 என்ற கணக்கையும் கல்லிலே பொறித்தனர். மருத்துவ மாணவர்கள் அதைத் தங்கள் தொழிலுக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருதிச் சம்மட்டியோடு வந்தார்கள். 1907 டிசம்பரில் டிரபால்கர் சதுக்கம் வரையில் கலகம் பரவிற்று. சிலையைப் போலீஸார் இரவும் பகலும் காவல் காக்க நேர்ந்தது. காவற்செலவுக்கு அஞ்சிய நகரசபை, இருபதினாயிரம் பேர் கையொப்பமிட்டுத் தடுத்தும் கேளாமல், 1910 மார்ச் மாதத்து ஒரு விடியற்காலையில் நூற்றிருபது போலீஸார் சூழ அதைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டது. தொழிற்சங்கத்தாரும், வாக்குரிமை கேட்டுப் போராடிய மாதரும் ஒரு நாய்ச் சிலையைச் சூழ்ந்து அரணாக நின்ற அந்த நான்கு வருஷங்களும் ஆங்கில நாட்டுச் சரித்திரத்திலே மிகச் சிறந்த ஒரு பக்கம் என்பது என் கருத்து. போலீஸார் பிடிக்கும் தெரு நாய்களை ஆய்வுக்கூடங்களுக்குத் தரலாகாது என்று விதித்த நாய்ச் சட்டமும் அங்கே அதே 1906ஆம் ஆண்டில் நிறைவேறியது.

அமெரிக்காவிலே நிலைமை நேர்மாறாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சர்க்கார் பணம் மருத்துவ ஆராய்ச்சியில் வெள்ளமெனப் பாயத் தொடங்கியதும், நாய்களின் தேவையும் அதற்கேற்பப் பெருகிற்று. நகராட்சிப் பட்டிகளில் அடைபட்ட நாய்களை ஆய்வுக்கூடங்கள் கேட்டால் தந்தே தீர வேண்டும் என்று மாகாணங்கள் சில சட்டமே செய்தன. நியூயார்க்கில் 1952இல் வந்த அத்தகைய சட்டம் 1979 வரையில் நீடித்தது. பட்டிகள் கொடுத்ததும் போதாமற்போகவே தரகர்கள் தோன்றினார்கள். கிராமந்தோறும் லாரியிலே சுற்றி, வாசலில் படுத்திருந்ததையும் வயலில் ஓடியதையும் வாரிக் கட்டிக்கொண்டு, கைமாறிக் கைமாறி ஆஸ்பத்திரிகளின் பின்வாசலில் இறக்கினார்கள்.

1965 கோடையில் பென்சில்வேனியா மாகாணத்துப் பண்ணை வீடொன்றிலிருந்து பெப்பர் என்னும் டால்மேஷியன் நாய் காணாமற்போயிற்று. வளர்த்த குடும்பத்தார் பத்திரிகையில் வெளிவந்த ஒரு புகைப்படத்தில், தரகனொருவனின் லாரியிலிருந்து இறக்கப்பட்ட நாய்களுக்கிடையே தங்கள் நாயைப் போன்ற ஒன்றைக் கண்டு, அவனுடைய கொட்டகையைத் தேடிக்கொண்டு நியூயார்க் மாகாணத்துக்குப் போனார்கள். உள்ளே விட மறுத்துவிட்டான். அத்தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் ஜோசப் ரெஸ்னிக் தாமே கேட்டுப் பார்த்தும் பலனில்லை. விசாரித்துக்கொண்டே போனதில், நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலே அந்நாய் இருதயப் பரிசோதனைக்குள்ளாகி ஏற்கெனவே மாண்டுபோன செய்தி தெரிய வந்தது. ஒரு நாட்டின் சட்டசபை உறுப்பினர் கேட்டும் ஒரு தரகன் கதவு திறக்கவில்லை என்ற அந்த ஒன்றே ரெஸ்னிக்கின் மனத்தைச் சுட்டிருக்க வேண்டும். அந்த ஜூலை மாதமே அவர் மசோதாவைக் கொண்டுவந்தார். 1966 பிப்ரவரி 4ஆந் தேதி வெளிவந்த ‘லைப்’ சஞ்சிகை, மேரிலாந்து மாகாணத்துத் தரகனொருவனின் கொட்டகையைப் படமெடுத்துப் போட்டது: எலும்பு துருத்திய நாய்கள், உறைந்துபோன சேறு, கால் நீட்ட இடமில்லாத பெட்டிகள். காங்கிரஸுக்கு அந்நாட்களில் வியட்நாம் யுத்தத்தைக் குறித்து வந்த கடிதங்களைக் காட்டிலும் நாய்களைக் குறித்து வந்த கடிதங்களே அதிகம் என்பார்கள். பிராணி நலத்துக்காக 1951 முதல் ஒரு ஸ்தாபனத்தை நடத்திவந்த கிறிஸ்டைன் ஸ்டீவன்ஸ் அம்மையாரின் இடைவிடாத உழைப்பும் சேர்ந்துகொள்ள, 1966 ஆகஸ்ட் 24ஆந் தேதி ஜனாதிபதி ஜான்சன் ஆய்வுக்கூடப் பிராணி நலச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

நாய் விற்பவன் உரிமம் பெற வேண்டும். எங்கிருந்து வந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். திருட்டு நாய் ஆய்வுக்கூடம் புகலாகாது. சட்டம் சொன்னவை இவையே. இத்தனையும் நியாயமானவை, இவற்றைக் கேட்டுப் போராடியவர்களை வாழ்த்தாமல் இருக்க முடியாது. ஆனால் இந்தச் சட்டத்தில் உயிர் காக்கப்பட்டது யாருக்கு? சொந்தக்காரன் உடைய நாய்க்கு. அழுது தேடி வரும் குடும்பம் ஒன்றிருந்தால்தான் அந்த நாயின் துயரம் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்டது. ஆகவே, தேடி வர எவருமில்லாத நாயை வாங்கிக்கொள்வதே வம்பில்லாத வழி என்பது ஆய்வுக்கூடங்களுக்குத் தெளிவாகிவிட்டது. சட்டத்தின் கீழ் எழுந்த விதிகளும் வியாபாரிகளை இரு வகுப்பாகப் பிரித்தன: தன் கொட்டகையிலேயே பிறந்து வளர்ந்ததை விற்பவன் முதல் வகுப்பு, பல இடங்களிலிருந்து சேகரித்து விற்பவன் இரண்டாம் வகுப்பு. பழி முழுவதும் இரண்டாம் வகுப்பின் தலையில் விழ, முதல் வகுப்பு மானமுள்ள தொழிலாயிற்று.

எந்த நாயைப் பெருக்குவது என்பது அதற்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. 1950களின் தொடக்கத்திலே அணுசக்தி ஆணையத்தின் பொருளுதவியோடு, யூட்டா சர்வகலாசாலையும் கலிபோர்னியாவின் டேவிஸ் சர்வகலாசாலையும் கதிரியக்கப் பொருள்கள் எலும்பிலே தங்கினால் என்ன விளையும் என்று அறிய நாய்களை நாடின. முயல் வேட்டைக்கென்று கூட்டங் கூட்டமாக வளர்க்கப்பட்ட பீகிள் இனம் அவற்றுக்குப் பிடித்தது. பத்துக் கிலோ எடை, குட்டை மயிர், பன்னிரண்டு பதினைந்து வருஷ ஆயுள், கூண்டிலே பலவற்றை ஒன்றாக அடைத்தாலும் சண்டையிடாத சுபாவம், ஊசி குத்திய கையையே மறுநாள் வாலாட்டி வரவேற்கும் சாது குணம். டேவிஸில் சினை நாய்க்குத் தீனியிலேயே ஸ்ட்ரோன்ஷியம் கலந்து கொடுத்து, கருவிலிருந்தே குட்டியின் எலும்பில் அது ஏறும்படி செய்தார்கள். அங்கே இம்முயற்சியில் ஈடுபட்டிருந்த ஆலன் ஆண்டர்சன் என்பவர் 1970இல் பதிப்பித்த பெருநூலுக்குப் ‘பரிசோதனை நாயாகப் பீகிள்’ என்ற பொருளிலேயே தலைப்பு அமைந்தது. 1980களில் அத்திட்டம் முடிந்த பிறகு, நாய்களின் கழிவு புதைத்த அந்த நிலமே கதிரியக்க மாசு நீக்க வேண்டிய நிலமென்று 1994இல் சர்க்காரால் பட்டியலிடப்பட்டது.

புது மருந்துகளை மனிதருக்குக் கொடுக்குமுன் எலியினத்தில் ஒன்றிலும், எலியல்லாத இனத்தில் ஒன்றிலும் நஞ்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும் என்ற நியதி 1960களில் வலுப்பட்டபோது, அந்த இரண்டாவது இடத்திலே பீகிள் நிரந்தரமாக உட்கார வைக்கப்பட்டது. நியூயார்க் மாகாணத்து நார்த் ரோஸ் கிராமத்தில் 1939 முதல் மரநாய் வகையைச் சேர்ந்த பெரட்டுகளை வளர்த்து விற்றுவந்த மார்ஷல் பண்ணை பீகிளிலும் இறங்கி, உலகிலேயே பெரிய வியாபாரிகளுள் ஒன்றாயிற்று. விஸ்கான்சினில் ரிட்க்லன் பண்ணை தொடங்கிய ஆண்டும் அந்த 1966 தான். பின்னர் வந்த சட்டங்கள் இன்னும் ஓரடி முன்னே சென்றன: பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு ஆணையும், பரிசோதனைக்கு வரும் நாய் அதற்கென்றே பிறப்பிக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று விதித்தன. வீட்டு நாயைக் காப்பதற்கு எழுப்பிய வேலி இவ்வாறாக, வேலிக்கு அப்பால் ஒரு சாதியையே உண்டாக்கி வைத்துவிட்டது.

அந்தச் சாதியின் வாழ்வு எப்படிப்பட்டது? ஜன்னலற்ற நீண்ட கொட்டகை. கழிவு கீழே விழுவதற்காக இடைவெளி விட்ட கம்பித் தரை அல்லது சிமெண்டுத் தளம். காதின் உட்புறத்து இளந்தோலிலே பச்சை குத்திய எண்ணும் எழுத்தும். தாய் ஆறு ஏழு வயது வரையிலும் ஈன்றுகொண்டே இருக்கும். குட்டி சில மாதமாவது வளர்ந்ததும் பெட்டியில் ஏறும். கூட்டத்தோடு கூடி ஓடவும், நிலத்தை மோந்து மோந்து மைல் கணக்காகத் தடம் பற்றவும் நூற்றாண்டுகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட ஓர் இனத்துக்கு, மோந்து பார்க்க மண்ணே கிடையாது. பிற்காலத்திலே மீட்கப்பட்ட பீகிள்களை வீட்டுக்கு அழைத்துச் சென்றவர்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: புல்தரையில் இறக்கிவிட்டதும் நாய் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிடுகிறது, அடுத்த காலை எங்கே வைப்பதென்று அதற்குத் தெரியவில்லை, படிக்கட்டு ஏறத் தெரியவில்லை, கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லை, ஏனெனில் அது அறிந்ததெல்லாம் குழாய் முனையை நக்குவதுதான்.

பொதுமக்களுக்கு இந்த உலகம் கண்ணில் பட்டதெல்லாம் உளவு பார்த்தவர்களின் துணிவினால்தான். 1975 ஜனவரியிலே ‘சண்டே பீப்பிள்’ என்னும் ஆங்கில வாரப் பத்திரிகையின் நிருபர் மேரி பீத், ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, புகையிலைக்கு மாற்றாகச் செய்த ஒரு பொருளைப் பிடித்துப் பார்க்கும்படி வரிசையாகக் கட்டப்பட்டு, முகமூடியின் வழியே சிகரெட் புகையை இழுத்துக்கொண்டிருந்த பீகிள்களைப் படமெடுத்து வெளியிட்டார். அப்படத்தைப் பார்த்து நாடே துடித்தது. 1997 மார்ச்சில் ஹண்டிங்டன் என்னும் ஆங்கில ஆய்வுக்கூடத்திலே பணியாளர்கள் பீகிள் குட்டிகளை முகத்திலே குத்துவதை மறைவான காமிராவில் பதிவு செய்து சானல் 4 தொலைக்காட்சி காட்டிற்று. அதே ஆண்டிலே ஹெரபோர்டுஷயரில் கான்சார்ட் என்னும் பீகிள் உற்பத்திக் கொட்டகை, பத்து மாதம் ஓயாமல் வாசலில் நின்ற மக்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூடப்பட்டது. எதிர்ப்பு, பரிசோதனை மேசையை விட்டு நாய் பிறக்கும் இடத்துக்கே வந்து நின்ற திருப்பம் இதுதான். ஆனால் அந்த வெற்றியிலே போதை கொண்ட சிலர், பின்னர் ஊழியர்களின் குடும்பங்களை அச்சுறுத்தவும் பொய்ப் பழி சுமத்தவும் துணிந்து சிறை சென்றதையும் மறைப்பதற்கில்லை. வாயில்லாப் பிராணிக்காகப் பேச வந்தவன் மனிதனுடைய குழந்தையைப் பயமுறுத்துவானாயின், அவன் தன் கட்சியையே காட்டிக்கொடுத்தவனாகிறான்.

நம் தேசத்திலே இவ்விஷயம் சட்டமானதற்குச் சென்னையைச் சேர்ந்த ஒருவரே மூலகாரணம். 1952இல் ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் மசோதா ஒன்றைத் தம் சொந்தப் பொறுப்பில் கொண்டுவந்து பேசினார். சர்க்காரே விரிவான சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே அதைத் திரும்பப் பெற்றார். அந்த உறுதியே 1960ஆம் ஆண்டுச் சட்டமாயிற்று. 1962இல் அமைந்த பிராணி நல வாரியம் ருக்மிணி தேவியையே தலைவராகக் கொண்டு சென்னையில் இயங்கத் தொடங்கிற்று. பரிசோதனையை அச்சட்டம் தடுக்கவில்லை. புத்தகமும் மாதிரி உருவமும் திரைப்படமும் போதுமான இடத்தில் பிராணியை நாடலாகாது, சிறு பிராணி போதுமான இடத்தில் பெரிய பிராணியைத் தொடலாகாது என்று மட்டும் கட்டளையிட்டது. பரிசோதனையை மட்டுமல்லாமல் அதற்கான இனப்பெருக்கத்தையும் பெயர் சொல்லிக் கண்காணிப்பில் கொண்டுவந்தது 1998ஆம் ஆண்டின் விதிகளாகும்.

உற்பத்தியையே அடியோடு தடுக்கும் துணிவு ஒரு தேசத்தின் சட்டத்துக்கு வந்தது இத்தாலியிலே. லம்பார்டியில் பிரெஷியாவுக்கு அருகிலுள்ள மான்டிகியாரி என்னும் சிற்றூரில், அமெரிக்க மார்ஷல் கம்பெனியின் கீழ் ‘கிரீன் ஹில்’ என்ற பெயரிலே ஒரு பீகிள் பண்ணை நடந்துவந்தது. 2012 ஏப்ரல் 28ஆந் தேதி, ஊர்வலமாக வந்த மக்களில் ஒரு பகுதியினர் பட்டப்பகலிலே வேலியைத் தாண்டி உள்ளே புகுந்து, குட்டிகளைத் தூக்கி முள்வேலிக்கு மேலாக வெளியே நின்றவர்களின் கையில் கொடுத்தார்கள். அக்காட்சியின் புகைப்படம் உலகெங்கும் பரவிற்று: முள்கம்பிக்கு இப்பக்கத்திலும் அப்பக்கத்திலும் நீண்ட கைகள், நடுவிலே காது தொங்கிய ஒரு குட்டி. சிலர் கைதானார்கள். ஆயினும் மூன்று மாதத்துக்குள், ஜூலை 18ஆந் தேதி, நீதித்துறையே அப்பண்ணையைக் கைப்பற்றச் செய்து, ஏறத்தாழ 2,600 நாய்களை ஜாமீனில் விடுவதுபோல் வீடுகளின் பொறுப்பிலே ஒப்படைத்தது. மனுப் போட்டுக் காத்திருந்த குடும்பங்கள் நாய்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தன. வதை செய்ததாகவும் காரணமின்றிக் கொன்றதாகவும் 2015இல் பண்ணைப் பொறுப்பாளர் மூவர்க்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்நீதிமன்றங்களும் அதை உறுதி செய்தன. 2014ஆம் ஆண்டுச் சட்டம், நாய், பூனை, குரங்கு இம்மூன்றையும் பரிசோதனைக்காக இத்தாலி மண்ணில் பெருக்குதல் கூடாதென்று தீர்த்துவிட்டது. முன்பு ஒரு நாயின் உயிரைச் சட்டம் மதிக்க வேண்டுமானால் அதற்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரன் இருந்தாக வேண்டும். மான்டிகியாரியிலோ, யாருக்கும் சொந்தமாகாமலே பிறந்தவற்றுக்காக ஒரு தேசமே சொந்தங் கொண்டாடி வந்தது.

அமெரிக்காவில் அத்தகைய நாள் பத்தாண்டு கழித்து விர்ஜினியாவின் கம்பர்லண்டிலே விடிந்தது. ஹண்டிங்டனும் மற்றொரு கம்பெனியும் சேர்ந்து 2015இல் உருவான என்விகோ, 2019இல் அங்குள்ள பண்ணையை வாங்கியிருந்தது. 2021இலிருந்து அரசாங்கப் பரிசோதகர்கள் எழுதிய அறிக்கைகளைப் படிக்கும்போது கை நடுங்குகிறது: ஏழு மாதத்திலே முந்நூறுக்கு மேற்பட்ட குட்டிகள் காரணம் இன்னதென்று எழுதப்படாமலே மாண்டன, பால் கொடுக்கும் தாய்களுக்குத் தீனி நிறுத்தப்பட்டது, தீனித் தொட்டிகளிலே புழுவும் பூசணமும் நெளிந்தன. இத்தனையும் சட்டப்படி உரிமம் பெற்ற, முதல் வகுப்பு என்று மதிக்கப்பட்ட பண்ணையில் நடந்தன. 2022 மே மாதத்தில் சமஷ்டி சர்க்கார் புகுந்து சோதனையிட்டு, உடனடி ஆபத்திலிருந்த 446 நாய்களைக் கைப்பற்றியது. ஜூலையில் நீதிபதி நார்மன் மூன் மற்றவற்றையும் விடுவிக்க ஆணையிட, ஏறத்தாழ நாலாயிரம் பீகிள்கள் செப்டம்பர் முதல் தேதிக்குள் பண்ணையை விட்டு வெளியேறி, காப்பகங்களின் வழியே நாடெங்கும் வீடுகளைச் சென்றடைந்தன. 2024 ஜூனில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் செலுத்த இசைந்தது. பிராணி நலச் சட்டத்தின் கீழ் அதுவரை அத்தனை பெரிய தொகை எவர்மேலும் விழுந்ததில்லை.

இவ்வளவும் கேட்டபின், மருந்து வேண்டாமா, நோயாளிகள் என்ன செய்வார்கள் என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்களுக்கு உரிய மறுமொழி சொல்ல வேண்டியது கடமை. டொராண்டோவின் கடனை நான் முன்னரே ஒப்புக்கொண்டேன். ஆனால் அறுபதாண்டுகளாகப் பெருகிய பீகிள்களில் மிகப் பெரும்பகுதி, ஒரு புதிய இன்சுலினைத் தேடி மாளவில்லை. கோப்பிலே ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக மாண்டன. பூச்சிகொல்லிகளுக்கு வேண்டுமென்று பல தசாப்தங்களாக விதிக்கப்பட்டிருந்த ஓராண்டு நாய்ச் சோதனையை, அதனால் புதிதாகத் தெரிய வருவது சொற்பமே என்று கண்டு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா 2007இல் கைவிட்டது. அது கைவிடப்பட்டதனால் எந்த விபத்தும் நேர்ந்துவிடவில்லை. அதற்கு முன் அச்சோதனையில் இறந்தவற்றுக்கு யார் பதில் சொல்வது? 1959இலேயே ரஸ்ஸல், பர்ச் என்ற ஆங்கில விஞ்ஞானிகள் இருவர், பிராணிகளை மாற்றுக, குறைக்க, துன்பம் தணிக்க என்ற மூன்று நெறிகளை ஆய்வாளர்க்கு வகுத்துத் தந்தார்கள். ஆண்டு முழுதும் ஈன்றுகொண்டே இருக்கும் பண்ணை ஒன்று அருகில் இருக்கும் வரையில், மாற்று வழி தேடும் சிரமத்தை எவர் மேற்கொள்வார்? அமெரிக்காவில் 1970களிலே ஆண்டுக்கு இரண்டு லட்சத்தை ஒட்டியிருந்த நாய்களின் கணக்கு நாற்பதாயிரம் சொச்சமாக இறங்கியிருப்பது, அத்தனையும் இன்றியமையாதன என்று அன்று சொன்னவர்களின் வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டுகிறது. 2022 டிசம்பரில் புது மருந்துகளுக்குப் பிராணிச் சோதனையே வேண்டுமென்ற நிபந்தனையை அந்நாட்டுக் காங்கிரஸ் நீக்கியது.

இத்தாலியின் தடை பெரிது. ஆனால் வெளிநாட்டுப் பண்ணையில் பிறந்ததை இறக்குமதி செய்வதை அது தடுக்கவில்லை. ஒரு நாட்டிலே மூடப்படும் கொட்டகை எல்லை தாண்டித் திறந்துகொள்வதற்கு இடமுண்டு. ஆகவே உரிமங்களோடு நின்றுவிடாமல், நாயை இரண்டாம் இனமாக எதிர்பார்க்கும் மருந்து விதிகளையும், அதற்கென்றே பிறந்த நாய்தான் வேண்டும் என்னும் வாசகத்தையும் ஒருங்கே மாற்றும்படி கேட்பதுதான் முறை. அக்கிளர்ச்சி ஓயவில்லை. விஸ்கான்சினின் ரிட்க்லன் பண்ணை, வழக்கைத் தவிர்ப்பதற்காக, 2026 ஜூலை முதல் தேதிக்குள் நாய் விற்கும் உரிமத்தை விட்டுக்கொடுப்பதாக 2025 அக்டோபரில் உடன்பட்டது. கேம்பிரிட்ஜ்ஷயரிலே வைட்டன் கிராமத்தை அடுத்து மார்ஷலுக்குச் சொந்தமான எம்.பி.ஆர். பண்ணையின் வாசலில், 2021ஆம் ஆண்டுக் கோடை முதல் மக்கள் முகாமிட்டு, உள்ளேயிருக்கும் நாய்களை விடுவிக்கும்படி கேட்டு வருகிறார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் 2025 நவம்பரில் வெளியிட்ட திட்டம், சிலவகை மருந்துச் சோதனைகளில் நாயையும் குரங்கையும் பயன்படுத்துவதை 2030க்குள் குறைந்தது 35 சதவீதம் குறைப்பதாகக் கூறுகிறது. எஞ்சிய பங்குக்கான நாய்களைப் பெருக்கும் உரிமத்தை அது தொடவில்லை; அந்த உரிமத்தை ரத்து செய்யுமாறு கேட்டுத்தான் வைட்டன் முகாம் தொடங்கியது.